இசக்கி என்று கூப்பிட்டால்

திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டில் 'இசக்கி' என்று கூப்பிட்டால் ஆணும் திரும்பிப் பார்ப்பார், பெண்ணும் திரும்பிப் பார்ப்பார். ரேஷன் கார்டில் அவர் இசக்கிமுத்துவாகவோ இசக்கிப்பாண்டியாகவோ இருக்கலாம்; இசக்கியம்மாளாகவோ இசக்கித்தாயாகவோ இருக்கலாம். தெருவிலும் வயலிலும் வாழைத்தார் ஏற்றும் லாரிக்குப் பக்கத்திலும் அந்த நீளத்துக்கு யாருக்கும் பொறுமை கிடையாது. முத்தும் பாண்டியும் அம்மாளும் தாயும் உதிர்ந்துபோய் அம்மன் பெயர் மட்டும் நிற்கும். சுடலைமுத்து ஆண், சுடலைவடிவு பெண். இருவருமே ஊருக்குச் சுடலைதான். பேச்சிமுத்துவும் பேச்சியம்மாளும் பேச்சி. மாரியப்பனும் மாரியம்மாளும் மாரி.

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்று இளம் பெற்றோர் பலர் இப்போது தேடுகிறார்கள். யாழ், முகில், அன்பு, கவின் என்று பட்டியல்கள் கைமாறுகின்றன. இது நம் ஊருக்குப் புதிதாக வந்த ஆசை என்ற தொனி அந்தப் பேச்சில் உண்டு. பொதுப்பெயர் இங்கே பழைய சரக்கு. தாமிரபரணிப் பக்கத்தின் வழக்கத்தை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பிள்ளையை வருணிக்காத பெயர்தான் பொதுவாகவே நிலைத்திருக்கிறது; பிள்ளை எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லவந்த பெயர் கொஞ்ச காலத்தில் ஆணுக்கோ பெண்ணுக்கோ போய்விடுகிறது.

இசக்கி என்ற பெயர் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது ஒரு கடன். பிள்ளையில்லாதவள், அல்லது பிறந்த பிள்ளை தங்காதவள், கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கியம்மனின் முன்னால் நின்று வேண்டிக்கொள்கிறாள். தொட்டில் கட்டுவதும் மண்பிள்ளை வாங்கி வைப்பதும் இசக்கி கோயில்களில் இன்றும் நடக்கிற காரியம். வேண்டுதல் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான்: 'ஆணோ பொண்ணோ, உன் பேரையே வைக்கேன்.' இந்த வாக்கு கருத்தரிப்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிடுகிறது. எனவே பெயரும் பிள்ளைக்கு முன்பே பிறந்துவிடுகிறது. பிறந்த பிறகு செய்ய வேண்டியது, ஆணென்றால் முத்துவையும் பெண்ணென்றால் அம்மாளையும் வாலாகச் சேர்ப்பது மட்டும்தான்.

நவீனச் சட்டமும் தன்னை அறியாமல் இந்த நிலைக்கே பெற்றோரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. பெண் கருக்களைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. வெளிநாட்டுத் தமிழ்த் தம்பதிகள் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பாலினம் தெரிந்து ஒரே பெயரை முடிவுசெய்துவிடுகிறார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இரண்டு பெயர்களோடு பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கிறார்கள். இசக்கிக்கு நேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரே பெயர் போதும்.

இது இந்து நாட்டார் தெய்வங்களோடு நிற்கிற வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். களக்காட்டிலும் மேலப்பாளையத்திலும் முஸ்லிம் குடும்பங்களில் மைதீன் என்ற பெயர் ஏராளம். 12ஆம் நூற்றாண்டின் பாக்தாது ஞானி முஹ்யித்தீன் அப்துல் காதர் ஜீலானியின் பெயர் அது. ஆணுக்கு மைதீன் பிச்சை, மைதீன் அப்துல் காதர். பெண்ணுக்கு மைதீன் பாத்து, மைதீன் பீவி. நாகூர் என்ற ஊர்ப் பெயரும் அப்படித்தான்: நாகூர் மீரான் ஆண், நாகூரம்மாள் பெண். கடற்கரைக்குப் போனால் கத்தோலிக்கர்களிடம் அதே அமைப்பு. மரியதாசும் மரியசூசையும் ஆண்கள். மாதாவின் பெயரைத் தலையில் சுமப்பவர்கள். அந்தோணியம்மாளும் சவேரியம்மாளும் மிக்கேலம்மாளும் பெண்கள். ஆண் புனிதர்களின், ஒரு தலைமைத் தூதரின் பெயரைச் சுமப்பவர்கள். மூன்று மதத்திலும் தலை தெய்வத்தினுடையது அல்லது புனிதருடையது. பால் வாலில் இருக்கிறது. நேர்ச்சை எங்கெல்லாம் உயிரோடு இருந்ததோ அங்கெல்லாம் இந்த அமைப்பு முளைத்திருக்கிறது.

சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் நேர்ச்சையை ஒதுக்கினார்கள். அங்கே கதை மாறுகிறது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820 முதல் 1838 வரை திருநெல்வேலியில் இருந்து எழுப்பிய கிறிஸ்தவக் கிராமங்களில் ஒன்று களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டோனாவூர். பிரஷ்யப் பிரபு டோனாவின் நன்கொடையால் அந்தப் பெயர். பின்னால், 1901 முதல், ஏமி கார்மைக்கேல் அங்கே தங்கிப் பிள்ளைகளை வளர்த்ததால் உலகுக்குத் தெரிந்த ஊர். இந்தச் சபைகளில் சுடலையும் இசக்கியும் போன இடத்தில் வேதாகமப் பெயர்களோடு குணப்பெயர்களும் வந்தன: ஞானம், கிருபை, நேசம், சமாதானம், சந்தோஷம், அற்புதம், பாக்கியம். இலக்கணப்படி எல்லாமே அஃறிணைச் சொற்கள். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பொதுப்பெயர் தேடுகிறவருக்கு இதைவிடச் சுத்தமான பட்டியல் கிடைக்காது. நடந்தது வேறு. கிருபையும் பாக்கியமும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குப் போயின. சமாதானமும் சந்தோஷமும் ஆண்பிள்ளைகளிடம் தங்கின. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. குணம் என்று ஒன்றைச் சொன்னவுடன் அது ஆண் குணமா பெண் குணமா என்று ஊர் தனக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இந்த வழுக்கலுக்கு ஆங்கிலத்திலும் சான்று உண்டு. 'ஷெர்லி' 1849 வரை அங்கே குடும்பப் பெயர். அபூர்வமாக ஆண் பெயர். ஷார்லட் பிராண்டி அந்த ஆண்டு வெளியிட்ட நாவலில், ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருந்த பெற்றோர் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரையே வைத்துவிடுகிறார்கள். அதன்பின் ஷெர்லி பெண்களுக்கே உரியதாகிவிட்டது. ஈவ்லின் என்ற பெயரை ஆண்களும் வைத்துக்கொண்டிருந்த காலத்தின் கடைசிக் கொழுந்துகளில் ஒருவர் நாவலாசிரியர் ஈவ்லின் வா. அவருடைய முதல் மனைவியின் பெயரும் ஈவ்லின். அங்கே ஒரு பெயருக்குள் பெண்கள் நுழைந்ததும் ஆண்கள் வெளியேறிவிடுகிறார்கள். திருநெல்வேலியிலோ, ஊரில் எத்தனை இசக்கியம்மாள் இருந்தாலும் இசக்கிமுத்துவின் தகப்பனார் கவலைப்பட்டதில்லை. அம்மனுக்குக் கொடுத்த வாக்கில் வெட்கத்துக்கு இடமில்லை.

தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியை எப்போதோ எதிர்கொண்டுவிட்டது. தொல்காப்பியப் பெயரியல், இயற்பெயர்களை வகைபிரிக்கும்போது பெண்மை இயற்பெயர், ஆண்மை இயற்பெயர் என்று இரண்டோடு நிற்காமல் பன்மை இயற்பெயர், ஒருமை இயற்பெயர் என்று மேலும் இரண்டு வைக்கிறது. ஒருமை இயற்பெயர் என்பது ஒருவனுக்கும் ஒருத்திக்கும் விலங்கு ஒன்றுக்கும் பொதுவாக நிற்பது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணம் கோதை. அதே பெயரை வந்தான் என்றும் வந்தாள் என்றும் வந்தது என்றும் முடித்துக் காட்டுகிறார்கள். வெறும் இலக்கணக் கற்பனை இல்லை இது. கோதை என்பது சேர அரசர்களின் பெயர். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சேரமான் இறந்துபோன மனைவிக்காகப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெயரும் கோதைதான். இன்று எந்த வீட்டிலும் ஆண்பிள்ளைக்குக் கோதை என்று பெயர் வைக்கமாட்டார்கள். ஒரு பெண்ணின் புகழ் ஒரு பெயரை முழுக்கத் தனதாக்கிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சங்கிலியும் அப்படிப்பட்ட பெயர்தான், ஆனால் அது இன்னும் எந்தப் பக்கமும் முழுக்கச் சாயவில்லை. சுந்தரர் திருவொற்றியூரில் மணந்தவர் சங்கிலியார். யாழ்ப்பாணத்தை ஆண்ட மன்னர் சங்கிலி. காரையாற்றில், சொரிமுத்து ஐயனார் கோயிலில், ஐயனாரோடு இருக்கும் காவல் தெய்வம் சங்கிலி பூதத்தார். ஆடி அமாவாசைக்கு அங்கே குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் தங்கி விழா எடுக்கும் சனங்களில் சங்கிலிகளும் சங்கிலியம்மாள்களும் உண்டு. மூன்று ஊர், மூன்று வாழ்க்கை, ஒரு பெயர்.

ஆனால் உரையாசிரியர்களின் உதாரணத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. பெயர் பொதுவாக இருந்தாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும். கோதை வந்தாள் என்ற நிமிடம் ரகசியம் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி ஒருவாறு சமாளிக்கலாம். தமிழில் முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பால் காத்திருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டியிடம் 'பாலினம் சொல்லாத பெயர்' என்றால், பேர் கிடக்கட்டும், வந்தானா வந்தாளா என்றுதான் கேட்பாள்.

இதற்கும் மொழிக்குள் வழிகள் உண்டு. முதல் வழி, குழந்தையை அஃறிணையாகவே பேசுவது. பிள்ளை அழுகிறது, குழந்தை சிரிக்கிறது என்றுதான் சொல்கிறோம். அழுகிறான் என்று தொடங்குவது கொஞ்சம் வளர்ந்தபிறகு. மகவு, குழவி போன்ற உயர்திணைப் பொருள்களுக்கான சொற்கள் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதியே செய்திருக்கிறது. ஆக, தொட்டிலில் கிடக்கிறவரைக்கும் தமிழ்க் குழந்தைக்குப் பால் இல்லை. இரண்டாவது வழி மரியாதை. வந்தார் என்றால் யாராகவும் இருக்கலாம். திருநெல்வேலிப் பேச்சில் அது 'வந்தாவ', 'சொன்னாவ', 'அவிய' என்று வரும். கணவரையும் மாமியாரையும் வாத்தியாரையும் அதே வினையால் சொல்லலாம். பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைக்காது. மரியாதைக்கு வயசு வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது நடக்கத் தொடங்கியதிலிருந்து தலை நரைக்கிற வரைக்கும், பால் பிடித்துக்கொள்கிறது. விளிச்சொல்லிலேயே பிடித்துக்கொள்கிறது. இசக்கி என்ற பெயரை எவ்வளவுதான் பொதுவாக வைத்திருந்தாலும் முன்னால் 'ஏலே' வந்தால் பையன், 'ஏட்டி' வந்தால் பெண். நெல்லைக்காரன் பெயரைச் சொல்லி ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன்பே பாலைச் சொல்லிவிடுகிறான். இதிலும் ஒரு விதிவிலக்கு: தெற்கே போகப் போகக் கேட்கும் 'மக்கா', 'மக்களே'. மகனையும் அப்படித்தான், மகளையும் அப்படித்தான், பக்கத்து வீட்டுப் பையனையும் அப்படித்தான். அன்பு மிகுகிற இடத்தில் ஏலேயும் ஏட்டியும் வழிவிட்டு மக்கா வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். கோபத்தில் மக்கா வராது.

பெயரின் வால் எப்படி நீண்டது, எப்படி அறுந்தது என்பதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1907 ஆகஸ்ட் 21 அன்று பூதப்பாண்டியில் பிறந்த ஒரு குழந்தைக்குக் குலதெய்வமான சொரிமுத்து ஐயனாரின் பெயரையே வைத்தார்கள்: சொரிமுத்து. பின்னால் அவர் ஜீவானந்தம் ஆனார். மறைமலையடிகளின் தாக்கத்தில், தனித்தமிழ்ப் பற்றில், அதை உயிரின்பன் என்று மொழிபெயர்த்துக்கொண்ட காலமும் உண்டு. பிறகு அதையும் விட்டு ஜீவானந்தத்துக்கே திரும்பினார். தோழர்களும் ஊர்களும் கடைசியில் வைத்துக்கொண்டது ஜீவா. சொரிமுத்துவில் பால் விகுதி இல்லை. ஜீவானந்தத்திலும் இல்லை. உயிரின்பனில் மட்டும் 'அன்' வந்து உட்கார்ந்தது. ஜீவாவில் மறுபடி இல்லை. இன்று ஜீவா என்ற பெயரில் பெண்களும் நிறைய.

இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். வேதாசலம் 1916-ல் மறைமலையடிகள் ஆனதிலிருந்து, நூறு ஆண்டுகளாகத் தனித்தமிழ் இயக்கம் நமக்குக் கொடுத்த பெயர்க் கொடை பெரிது. ஆனால் அது பாலை மிகத் தெளிவாக எழுதியது: தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, இனியன், இனியாள், நெடுஞ்செழியன், கயல்விழி. ஆணுக்கு வீரமும் அரசும் அறிவும். பெண்ணுக்குக் கண்ணும் நிலவும் மொழியும். சுயமரியாதை இயக்கம் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. அது தமிழ்நாட்டில் பெருமளவு நடந்தது. இந்தியாவின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் பெரிய சாதனை. ஒரு வாலை அறுத்த கைகள் இன்னொரு வாலை அழகாகப் பின்னிவிட்டன. பெரியார் வைத்த சில பெயர்கள்தான் விலக்கு: ரஷ்யா, மாஸ்கோ. தேசத்தின் பெயரிலும் நகரத்தின் பெயரிலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நேர்ச்சைப் பெயரின் அமைப்பே அதிலும் இருக்கிறது. பிள்ளைக்கு வெளியே, பெற்றோர் பக்தி வைத்திருக்கும் ஒன்றின் பெயர். பக்தி என்ற சொல்லுக்குப் பெரியார் கோபித்துக்கொள்வார். வேறு சொல் அகப்படவில்லை.

குணத்தையும் அழகையும் சொல்லாமல் விலைமதிப்பை மட்டும் சொல்லும் பெயர்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. தங்கம், ராஜாமணி, தங்கமணி, ராஜம். தொழிற்சங்கத் தலைவர் கே.டி.கே. தங்கமணி ஆண், பக்கத்து வீட்டுத் தங்கமணி பெண்ணாக இருக்கலாம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர் பி.ஆர். ராஜமையர், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். கண்மணி என்றால் பெண் என்று நினைப்பவர்களுக்கு எழுத்தாளர் கண்மணி குணசேகரனைக் காட்டலாம். பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பொன்னும் மணியும் கட்டளை போடுவதில்லை. நீ எங்களுக்கு விலைமதிப்பானது என்று மட்டும் சொல்கின்றன. அதனால் கொஞ்சம் அதிகக் காலம் தாக்குப்பிடித்தன.

சாய்வு வழக்கத்தால் வருகிறதே தவிர, நம் நாட்டில் சட்டம் இதில் தலையிடுவதில்லை. பிறப்புப் பதிவுப் படிவத்தில் பாலினத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பெயரிடமிருந்து அந்த வேலையை அரசு எதிர்பார்க்கவில்லை. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஜெர்மனியில் இந்தியத் தொடர்புள்ள ஒரு தம்பதி தங்கள் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைக்கப் போனார்கள். இந்தியாவில் கிரண் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, ஆகவே பால் தெரியவில்லை என்று பதிவாளர் மறுத்துவிட்டார். வழக்கு கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2008 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு: பெயர் பாலைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை, பெற்றோரின் உரிமைக்குக் குழந்தையின் நலன் மட்டுமே எல்லை. ஐஸ்லாந்தில் பிளேர் என்ற பெயரை ஆண் பெயர் என்று சொல்லி அதிகாரிகள் மறுத்ததால், ஒரு சிறுமி 2013 ஜனவரியில் நீதிமன்றத்தில்தான் தன் பெயரை மீட்டாள். அந்த நாடு 2019-ல் பெயர்களுக்கான பால் பாகுபாட்டையே நீக்கிவிட்டது.

இந்தியாவிலேயே நமக்கு நெருங்கிய சாட்சி பஞ்சாப். சீக்கியர்கள் குரு கிரந்த் சாகிபைத் திறந்து, வருகிற பாடலின் முதல் எழுத்தில் பெயர் வைக்கிறார்கள். குர்பிரீத், மன்பிரீத், ஹர்ஜீத் எல்லாம் இருபாலுக்கும் பொது. பின்னால் சிங் என்றால் ஆண், கௌர் என்றால் பெண். இசக்கிக்கு முத்தும் அம்மாளும் செய்கிற வேலையைத்தான் அங்கே சிங்கும் கௌரும் செய்கின்றன. அவர்களும் பெயரைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுப்பதில்லை, நூலிலிருந்து எடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து நேர்ச்சைப் பெயர்கள் பாலின சமத்துவத்தின் பொற்காலம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. இலக்கணத்தில் பொதுவாக இருக்கிற பெயர் வாழ்க்கையில் பொதுவாக இருக்கவேண்டும் என்றில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பாலே கிடையாது. ஆனால் திருத்தணிப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் பெயர் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கப்பட்டு வந்தது 2019-ல் செய்தியானது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்பதற்காக. நம் தென்மாவட்டங்களின் போதும்பொண்ணு அதன் அக்காள். அதே நேரம், பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் வைக்கும் பெயர்கள் உண்மையிலேயே இருபாலுக்கும் பொது: குப்பை, பிச்சை, மூக்கு. பிறந்ததும் குப்பையில் உருட்டி எடுத்தார்கள் அல்லது மூக்குக் குத்தினார்கள். ஆண்பிள்ளைக்கும் மூக்குத்தான். மூக்கன், மூக்காண்டி, மூக்கையா, மூக்கம்மாள். எமன் பார்த்தால் வேண்டாத பிள்ளை என்று விட்டுவிட்டுப் போகவேண்டும் என்ற பயத்தின் முன்னால் ஆண், பெண் என்ற பெருமை எல்லாம் ஒதுங்கிக்கொண்டது.

களக்காட்டுக்கு உரிய பெயர் ஒன்றும் இதில் பேசப்பட வேண்டும். இங்கே சத்தியவாகீசுவரர் கோயிலில் அம்மன் கோமதி, சங்கரன்கோவிலிலும் கோமதிதான். அதனால் கோமதிநாயகங்களும் கோமதிசங்கர்களும் இந்தப் பக்கத்தில் தெருவுக்குச் சிலர். கி. ராஜநாராயணன் ஒரு சிறுகதைக்குக் 'கோமதி' என்று தலைப்பு வைத்தார். அதில் வரும் கோமதி செட்டியார் பெண்மை நிறைந்த ஒரு ஆண், சமையற்காரர். கரிசல்காட்டில் ஆணுக்குக் கோமதி என்ற பெயர் இயல்பாக இருந்ததால்தான் கி.ரா.வால் அந்தப் பெயரைச் சிரிப்புக்கும் துயரத்துக்கும் நடுவே அவ்வளவு சுளுவாக நிறுத்த முடிந்தது. வாசகர் முதலில் பெயரில் எதுவும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்.

பொதுப்பெயர் சிலருக்கு விருப்பம், சிலருக்கு அவசியம். ஆண், பெண் என்று பிறப்பிலேயே வகைப்படுத்த முடியாத உடலோடு பிறக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களை அறுவை சிகிச்சையால் அவசர அவசரமாக ஒரு பக்கம் சேர்த்துவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. தாமிரபரணி கடலில் கலக்கிற மாவட்டத்திலிருந்து வந்த வழக்கு ஒன்று இதை மாற்றியது. தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று அந்தத் திருமணத்தை அங்கீகரித்தார். அதே தீர்ப்பில், இடைபால் குழந்தைகளுக்குச் செய்யும் பாலின அறுவை சிகிச்சைகளைத் தடைசெய்யவும் அரசுக்கு உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்றபடி அவற்றைத் தடைசெய்து ஆகஸ்டில் அரசாணை வந்தது. அப்படி ஒரு பிள்ளை தானாக வளர்ந்து சொல்லும்வரை காத்திருக்க முடிவு செய்யும் பெற்றோருக்குச் சங்கிலியும் ஜீவாவும் தங்கமணியும் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கிறது. வாலைத் தேடிப் போனவர்களும் உண்டு. மதுரையில் பிறந்து, வீட்டை விட்டு வந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் நடனம் கற்ற ஒரு திருநங்கைக்கு அந்த ஆசான் வைத்த பெயர் நர்த்தகி. 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் அவர். ஐயத்துக்கு இடமில்லாத பெண்பால் சொல். அந்தப் பெயரைப் பெறுவதற்கு அவர் கடந்த தூரத்தை நினைத்தால், பொதுப்பெயரே முற்போக்கு, பால்பெயரெல்லாம் பிற்போக்கு என்று யாரும் அளந்துவிட முடியாது.

இன்றைய களக்காட்டுப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் இசக்கிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 'ஷ்' என்றும் 'த்' என்றும் முடிந்தால் பையன், 'ஷா', 'ஸ்ரீ', 'னி' என்று முடிந்தால் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பழைய தலைமுறையைவிடப் பால் கூர்மையாகத் தெரிகிற பெயர்கள். பல வீடுகளில் நேர்ச்சையையும் விடவில்லை. சாமி பேரைக் காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, ஸ்கூல் பேரை வேறாக எழுதிவிடுகிறார்கள். இசக்கி என்றால் பட்டிக்காடு என்ற வெட்கமும், பெயரை வைத்தே ஊரையும் சாதியையும் ஊகிப்பார்களே என்ற பயமும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. வெட்கத்தை வேண்டுமானால் குறை சொல்லலாம். பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மாவட்டத்தின் பள்ளிகளில் சாதி என்னென்ன செய்திருக்கிறது என்று பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும்.

புதுப் பட்டியல்களில் இருக்கும் பெயர்களுக்கு வருவோம். கவின் ஏறத்தாழ ஆண்பிள்ளைகளிடம் போய்விட்டது. கயல் பெண்பிள்ளைகளிடம் போய்விட்டது. யாழ் கொஞ்ச நாள் நடுவில் நின்று, யாழினி என்றும் யாழன் என்றும் வால் முளைக்கத் தொடங்கிவிட்டது. முகிலுக்கும் அதே கதி. இவை எல்லாம் அழகையும் இனிமையையும் குளிர்ச்சியையும் பிள்ளைமேல் ஏற்றுகிற பெயர்கள். ஊர் தன் கணக்கைப் போடாமல் விடாது. பொதுப்பெயர் பொதுவாகவே நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஆற்றின் பெயரை, ஊரின் பெயரை, பாட்டனோ பூட்டியோ சுமந்த பெயரை, தாங்கள் மதிக்கிற ஒருவரின் பெயரைப் பரிசீலிக்கலாம். களக்காட்டுப் பச்சையாறு இதுவரை யாருக்கும் பெயராகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். பெயரை அப்போதே எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கத் தமிழ்நாட்டு விதிகளில் இடமிருக்கிறது. அதுவரை சான்றிதழில் பாலினக் கட்டம் நிரம்பியும் பெயர்க் கட்டம் வெறுமையாகவும் இருக்கும். வீட்டில் பிள்ளைக்கு ஒரு கூப்பிடுபேர் தானாக அமைந்திருக்கும், பெரும்பாலும் தங்கம், செல்லம், மக்கா என்று ஏதோ ஒன்று. ஓராண்டு முடியும்போது அப்பா அலுவலகத்துக்குப் போய் எழுதிவிட்டு வருவதோ வேறொன்றாக இருக்கும்.